ஒன்று ஐம்பதுக்கு எழுதிய எட்டு அளவுகள்

ஆலைகளின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், என்னைப் பார்த்தால் சுற்றி வளைத்துக் கேட்பது ஒரே கேள்விதான். "அன்றாட வேலைக்கு டேப்லெட் ஒன்று போதுமா சார், லேப்டாப்பும் வேண்டுமா?" ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் காசு செலவில்லாமல் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை உங்களுக்கு. ஆனால் இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை எழுத்து மூலமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். மூன்று பக்கம், இரண்டு வண்ண வரைபடம். போதும், லேப்டாப் தேவையே இல்லை என்பதுதான் பதில். அந்த மூன்று பக்கத்தையும் நான் லேப்டாப்பில்தான் தட்டச்சு செய்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் டேப்லெட் அப்போது இல்லை. அன்றைக்கு இருந்தது கீபோர்டைப் பிடுங்கி எறிந்த லேப்டாப் மாதிரி ஒரு தடித்த பலகை. ஒன்றரைக் கிலோ எடை. விரலால் தொட்டால் கண்டுகொள்ளாது, கூடவே வரும் பேனாவால் தொட்டால்தான் அசையும். அரை மணி நேரம் மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். ஓசூரில் மார்கழிக் காலையில் அது ஒன்றுதான் அதனால் எனக்குக் கிடைத்த உண்மையான பயன்.

எங்கள் ஆலை வண்டிகளின் பிரேக்குக்கான சிலிண்டர் செய்துகொண்டிருந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு மூலை. நான் கணினிப் பொறுப்பாளர். அதாவது பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் கூப்பிடுவார்கள், காலண்டர் மாட்ட ஆணி வேண்டும் என்றாலும் கூப்பிடுவார்கள். எங்கள் ஆலைத் தலைவர் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்விட்டு, குழந்தைக்குப் பொம்மை வாங்கி வருகிற மாதிரி ஆலைக்கு ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். வந்த கையோடு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, குழுமத்திலேயே லேப்டாப்பும் காகிதமும் இல்லாத முதல் ஆலை நம்முடையதுதான் என்று சொல்லியும் விட்டார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் இதுலயே எல்லா வேலையும் பாருங்க. லேப்டாப்ப ஸ்டோர்ஸ்ல குடுத்துடுங்க. மாசக் கடைசில ரிப்போர்ட். லேப்டாப்ப இது ரீப்ளேஸ் பண்ணுமா பண்ணாதா, யெஸ்ஸா நோவா, ஒரே லைன்ல எனக்குச் சொல்லணும்."

சொல்லும்போதே அவர் தலை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. என் தலையும் ஆடியது. அந்த வருஷம் எனக்குப் பொறுப்பாளரிலிருந்து மேலாளர் ஆகும் முறை. விசிட்டிங் கார்டில் எந்த எழுத்துரு போடலாம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

நியாயமாகச் சொல்கிறேன், அந்தப் பலகை ஒன்றுக்கும் உதவாதது அல்ல. மின்னஞ்சல் படிக்கலாம். வரைபடத்தைத் திறந்து நாலு பேர் நின்று பார்க்கலாம். கூட்டத்தில் கையாலேயே குறிப்பு எழுதலாம், கையெழுத்துப் போடலாம். படிக்கிற, பார்க்கிற வேலை எல்லாவற்றுக்கும் நன்றாகவே இருந்தது. எழுதுகிற வேலைதான் சிக்கல். நான் பேனாவால் எழுதுவதை அது தன் இஷ்டத்துக்குப் படித்தது. ஒரு எக்செல் தாளில் நாற்பது எண்களைப் போடுவதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். மூன்றாம் நாளே நான் தோற்றுவிட்டேன். ஸ்டோர்ஸில் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியிருந்த லேப்டாப்பின் மேல் 'பழுது' என்று ஒரு சீட்டு ஒட்டி மேஜைக்கடியில் வைத்துக்கொண்டேன். வேலை வந்தால் எடுப்பேன், காலடிச் சத்தம் கேட்டால் உள்ளே தள்ளுவேன். பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்துக்குள் கதைப்புத்தகம் வைத்துப் படித்த அனுபவம் கைகொடுத்தது.

இங்கேதான் நாகரத்னா வருகிறாள். பேரிகைப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், ஆலையில் தமிழ். கிருஷ்ணகிரியில் டிப்ளமா முடித்துவிட்டு எங்களிடம் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். அவளுடைய வேலை, சிலிண்டர் துளையை மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுவது. காலை ஷிப்ட் ஆறு முதல் இரண்டு வரை. ஆறரையில் தொடங்கி ஒன்றரை வரை எட்டு அளவுகள். அதுவரை காகிதத் தாளில் எழுதியவர்கள், காகிதம் ஒழிக்கப்பட்டதால் இனி டேப்லெட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு. படிவத்தைத் தயார் செய்தவன் நான். யாரும் கேட்காமலே கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன். ஒவ்வொரு அளவும் எத்தனை மணிக்கு உள்ளே ஏற்றப்பட்டது என்பதைக் கணினி தானாகவே எழுதிக்கொள்ளும் கட்டம் அது. அழகாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

டேப்லெட்டின் சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. மெஷின் பக்கத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. இருந்தது ஒரே சார்ஜர், அது என் கண்ணாடி அறையில். எனவே அந்தப் பலகை நாள் முழுக்க என் மேஜையில் கட்டிப்போட்ட பசுவைப் போலக் கிடக்கும். ஒன்று ஐம்பதுக்கு நாகரத்னா வருவாள். கையுறையைக் கழற்றி, கையைப் பஞ்சுக் கழிவில் துடைத்து, நின்றபடியே எட்டு அளவுகளையும் மளமளவென்று ஏற்றிவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருப்பேன். அவள் முன்னால் அதை ஒளித்ததில்லை. ஒளிக்கத் தேவையான ஆளாக நான் அவளை நினைக்கவில்லை என்பதே உண்மை.

ஒருநாள் கேட்டேன், "எட்டு நம்பரையும் எப்படிம்மா ஞாபகம் வெச்சிருக்க?"

அவள் உள்ளங்கையைக் காட்டினாள். சாக்பீஸ் தூள்.

"மெஷினுக்குப் பின்னால செவுத்தப் பாத்தாப்புல கரண்டு பேனல் கதவு இருக்குதுங்களே சார், அதுல மணிக்கு மணி எழுதி வெச்சிக்கிறேங்க. ரெண்டாவது ஷிப்ட்டு வந்து தொடச்சிட்டு அவங்க எழுதிக்குவாங்க. யார்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க சார்."

சொல்லாதே என்றதற்குக் காரணம் உண்டு. மெஷின் மேல் யாரும் எதையும் எழுதக் கூடாது என்பது ஆலைத் தலைவரின் சட்டம். எழுதினால் மெமோ. பாக்கெட் நோட்டும் கூடாது. வாடிக்கையாளர் ஆடிட்டுக்காக எல்லா மெஷினுக்கும் புது பெயின்ட் வேறு அடித்து வைத்திருந்தார். "நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்?" என்றேன். அவளிடம் என் ரகசியம், என்னிடம் அவள் ரகசியம். இரண்டுமே பத்திரமாக இருந்தன.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் எழுதினேன். 'டேப்லெட், லேப்டாப்புக்கு முழுமையான மாற்று.' 'ஒரு ஷிப்ட் முழுவதும் சார்ஜ் நிற்கிறது.' இரண்டாவது வரியை டேப்லெட்டோடு வந்த கையேட்டைப் பார்த்து எழுதினேன். கையேட்டிலும் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் கொஞ்சம் இழுத்துவிட்டேன். ஆலைத் தலைவர் படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். இன்னும் பதினொரு டேப்லெட்டுக்கு ஆர்டர் தயாரானது.

அடுத்த வாரம் ஆடிட். வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து வந்தவர் பெங்களூர்க்காரர். அத்திப்பள்ளி நெரிசலில் ஒரு மணி நேரம் வெந்துவிட்டு, வரும்போதே சிடுசிடுவென்று வந்தார். ஆலைத் தலைவர் என் ரிப்போர்ட்டைத் திரையில் ஓட்டிக் காட்டினார். காகிதம் இல்லாத ஆலை, லேப்டாப் இல்லாத ஆலை என்று வாய் நிறையச் சொன்னார். ஆடிட்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒள்ளேது, நல்லது, அந்த டேப்லெட்ட கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

நானே போய் எடுத்து வந்து பெருமையாக நீட்டினேன். அவர் பேனாவை வாங்கி ஒவ்வொரு நாளாகப் புரட்டினார். அளவுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது அவர் பேனா நின்றது. ஆறரை மணி அளவு, ஏற்றிய நேரம் ஒன்று ஐம்பது. ஏழரை மணி அளவு, ஒன்று ஐம்பது. எட்டரை, ஒன்று ஐம்பத்தொன்று. முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும் அப்படியே. கடைசியாக அன்றைய தாளைத் திறந்தார். மணி பதினொன்றே முக்கால், தாள் காலி.

"இது அளந்ததா, உக்காந்து எழுதினதா?" என்றார் ஆடிட்டர். குரலை உயர்த்தவே இல்லை.

 நான் அழகுக்காகச் சேர்த்த கட்டம் அது.

ஆலைத் தலைவர் அந்த நிமிஷத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டார். இப்படிப்பட்ட சமயத்தில் ஒரு ஆலை என்ன செய்யும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது ஒருவரைப் பிடித்து வெளியே அனுப்பி, தவறைத் திருத்திவிட்டோம் என்று எழுதிக் கொடுக்கும். நாகரத்னாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எண்ணெய்க் கறை படிந்த கோட்டோடு வந்து மேஜை முனையில் நின்றாள். அவளுக்கு நாற்காலி காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

"இதெல்லாம் அளந்தியா?" என்றார் தலைவர்.

"அளந்துதான் சார் எழுதியிருக்கேன்."

"மணிக்கு மணி அளந்தா, அப்பப்பவே ஏன் ஏத்தல? எல்லாம் ஒன்னு அம்பதுக்கு இருக்கே? இன்னைக்கு ஒன்னுமே காணோமே?"

 டேப்லெட்டில் சார்ஜ் நிற்காது என்று சொன்னால் திரையில் மினுங்கிக்கொண்டிருந்த என் ரிப்போர்ட் பொய். பேனலில் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் மெமோ. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள்.

"தப்பா டேட்டா எழுதினாங்கன்னு ரிலீவிங் லெட்டர்லயே போட்டுடுங்க," என்றார் தலைவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்சனல் பிரிவுக்காரரிடம். அந்த ஒரு வரியின் கனம் உங்களுக்குத் தெரியாது. மூக்கண்டப்பள்ளியில் ஒரே டீக்கடையில் நாலு ஆலைக்காரர்கள் டீ குடிக்கிற ஊர் இது. பொய்யாக அளவு எழுதியவள் என்ற பேரோடு வெளியே போனால் இந்தப் பக்கத்தில் எந்த கேட்டும் அவளுக்குத் திறக்காது. பிரேக் உதிரியில் பொய் அளவு என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த அறையில் அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். தினமும் என் கண் முன்னால் நின்று ஏற்றியவள். சாக்பீஸ் கையை என்னிடம் காட்டியவள். உடனே எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. நான் டீ குடித்தேன். பர்சனல்காரர் கடிதத்தின் வாசகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. பேனல் விஷயத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே, அதை எப்படி மீறுவது? கோழைக்கு இதைவிட உயர்ந்த காரணம் கிடைக்காது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு விசிட்டிங் கார்டு ஞாபகம் வந்தது. பிறகு, பேரிகை பஸ்ஸில் யாரோ போட்டிருந்த மாதிரி ஒரு பச்சை சுவெட்டரைச் சம்பளத்தில் வாங்க வேண்டும் என்று அவள் எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. ஏன் அது வந்தது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டாவது டீ வந்தபோது அதைத் தொடாமல் தள்ளி வைத்தேன்.

"சார், அந்த ரிப்போர்ட் தப்பு," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தலைவர் முகத்தில், கல்யாண வீட்டில் யாரோ தும்மிவிட்ட பாவனை.

"சார்ஜ் ரெண்டு மணி நேரம்தான் நிக்கும். நாள் பூரா என் ரூம்லதான் கெடக்கும். இந்தப் பொண்ணு ஷிப்ட் முடியறப்ப வந்து என் முன்னாடிதான் ஏத்தும். தினமும் பாத்திருக்கேன். அளவெல்லாம் அப்பப்ப எடுத்ததுதான். எழுத வேற எடமில்லாம மெஷினுக்குப் பின்னால பேனல்ல சாக்பீஸால எழுதி வெச்சிருக்கு. இன்னைக்கு எடுத்தது இப்பவும் அங்க இருக்கும்."

"அப்ப ரிப்போர்ட்ல ஏன் அப்படி எழுதினீங்க?" என்றார் தலைவர்.

"நீங்க யெஸ்தான் எதிர்பாத்தீங்க சார். நானும் லேப்டாப்ல உக்காந்து எழுதிட்டேன்."

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு அதைப் பூசி மெழுக வழியில்லை. ஆடிட்டர்தான் அந்த அறையில் முதலில் எழுந்தவர். அதுவரை சிடுசிடுத்தவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் சுவாரசியம்.

"தோர்ஸம்மா, நோடோணா," என்றார் நாகரத்னாவிடம். காட்டு, பார்ப்போம் என்று கன்னடத்தில் சொன்னார். அவள் முன்னால் போக, நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடம். புது பெயின்ட் அடித்த பேனல் கதவில் வெள்ளையாக ஆறு வரிகள். ஒவ்வொன்றிலும் மணி, அளவு, ஓரத்தில் அவளுடைய முதலெழுத்து. கடைசி வரி பதினொன்றரை. மணிக்கு ஒன்றாக எடுத்து அளந்த சிலிண்டர்களை வரிசை மாறாமல் ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். ஆடிட்டர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அளவுக் கருவியை வாங்கித் தானே அளக்க ஆரம்பித்தார். முதல் துண்டு, பேனலைப் பார்த்தார், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதை இருமுறை அளந்தார். ஆறாவதையும் அளந்து தட்டில் வைத்தார்.  ஆறும் சரியாக இருந்தன.

"அளவு எல்லாம் உண்மை," என்றார். நாகரத்னா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டரை மணி அளவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆடிட்டர்கள் வெறும் கையோடு போவதில்லை. அவர் மாலையில் ஒரு குறை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். பேனல் கதவில் எழுதப்படும் பதிவு, ஆலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆவணங்களின் பட்டியலில் இல்லை என்பது குறை. அதற்கு நாங்கள் எடுத்த திருத்த நடவடிக்கை, அந்தக் கதவில் மஞ்சள் பெயின்டால் எட்டுக் கட்டம் வரைந்து, மேலே ஆவண எண்ணும் திருத்த எண்ணும் போட்டது. வரைந்தவன் நான். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார்கள். காகிதம் இல்லாத, லேப்டாப் இல்லாத எங்கள் ஆலையில் அதிகாரபூர்வமாக நிலைத்த ஒரே பலகை அதுதான். சார்ஜ் பிரச்சினையும் அதற்கு இல்லை.

பதினொரு டேப்லெட்டுக்கான ஆர்டர் ரத்தானது. இருந்த ஒன்று வரவேற்பறைக்குப் போய், ஒகேனக்கல் அருவிப் படம் காட்டிக்கொண்டு நின்றது. என் லேப்டாப்பின் மேலிருந்த 'பழுது' சீட்டு கிழிக்கப்பட்டது. விசிட்டிங் கார்டு மூன்று வருஷம் தள்ளிப்போனது. அது நியாயம்தான். ஆலைத் தலைவரையும் குறை சொல்ல மாட்டேன், அவர் கேள்விதான் கேட்டார். பதிலைத் திரித்தவன் நான்.

அடுத்த மாதம் நாகரத்னாவுக்கு வேலை நிரந்தரமானது. இனிப்புப் பெட்டியோடு என் அறைக்கு வந்தாள். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"நான் லேப்டாப்லதான் வேலை பாக்கறேன்னு உனக்குத் தெரியுமே. அன்னைக்கு நீயே சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பியேம்மா. ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேங்க சார்."

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். "அதான் சொல்லிட்டேனே. கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்ளோதான்."

"பதினோரு நிமிசம் சார்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்லுகிற அதே குரல். "நான் நின்ன எடத்துக்கு எதுத்தாப்புலதான் செவுத்துக் கடியாரம் இருந்துச்சு."

இனிப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஏழரை மணி அளவுக்கு நேரமாகியிருந்தது.

ஆகவே, டேப்லெட் போதுமா, லேப்டாப் வேண்டுமா என்று உங்கள் மேலதிகாரி கேட்டால், பதில் எழுதும் முன் அந்தப் பதிலை எதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். வேலை யாருடையதோ அவரிடம் போய், எழுதி வைத்துக்கொள்ள அவருக்கு இடம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நான் பணியில் இருந்த முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ அறிக்கைகள் எழுதியிருக்கிறேன், ஒன்றுகூட இப்போது நினைவில்லை. அந்தப் பதினொரு நிமிஷம் மட்டும் நினைவிருக்கிறது.